காற்றுக்கென்று ஒதுக்கும் நாள்கள்

ஐஸ்லாந்தை கேம்பர்வேனில் சுற்றிவருவது என்று முடிவெடுத்த குடும்பங்கள் அநேகமாக ஒரே கணக்கைத்தான் போடுகின்றன. தீவை வளையமாகச் சுற்றிவரும் ஒன்றாம் எண் சாலையின் நீளம் ஏறக்குறைய 1,320 கி.மீ. கையில் இருப்பது எட்டு நாள். வகுத்தால் நாளொன்றுக்கு 165 கி.மீ., அதாவது சென்னையிலிருந்து விழுப்புரம் போகிற தூரம். சாலையில் நெரிசல் கிடையாது. நாட்டின் மொத்த மக்கள்தொகையே நான்கு லட்சத்துக்குள்தான். ஜூன் மாதத்தில் இருட்டிவிடுமே என்ற கவலையும் வேண்டாம். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, காற்று மட்டும் அதில் சேரவில்லை. எந்த அருவி எங்கே இருக்கிறது, எந்தப் பனியாற்றை எந்த நேரத்தில் பார்க்க வேண்டும் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் இந்தக் கட்டுரை போகப்போவதில்லை. எட்டு நாளில் ஒரு முழு வளையம் என்ற திட்டத்தையே விட்டுவிடுங்கள் என்பதற்கு மட்டும் இங்கே காரணம் சொல்லலாம்.

வட அட்லாண்டிக்கின் தாழ்வழுத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்துபோகும் பாதையில் இருக்கிறது இந்தத் தீவு. வருகிற காற்றை மறிக்கக் காடு இல்லை. மரம் மூடிய நிலம் மொத்தப் பரப்பில் இரண்டு சதவீதம் அளவுதான். அங்கே காற்றின் வேகத்தை மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொல்வதில்லை, வினாடிக்கு இத்தனை மீட்டர் என்கிறார்கள். எண் சிறியதாக இருப்பதால் புதிதாகப் போகிறவர்கள் அதை அலட்சியமாக எடுத்துக்கொள்கிறார்கள். 15 என்றால் மணிக்கு 54 கி.மீ. 25 என்றால் 90 கி.மீ.; தார்ச்சாலையில் சட்டம் அனுமதிக்கும் உச்ச வேகமும் அதே 90தான். வேகம் இரண்டு மடங்கானால் வண்டியின் பக்கவாட்டில் விழும் விசை நான்கு மடங்காகிறது. உயரமும் தட்டையான பக்கங்களும் கொண்ட கேம்பர்வேனுக்கு 15தான் எல்லை, அதற்கு மேல் வண்டியை எடுக்காதீர்கள் என்று வாடகைக்கு விடுகிறவர்களே சொல்லி அனுப்புவது வழக்கம். சராசரி வேகத்தைவிடப் பயப்பட வேண்டியது, மலைச்சரிவில் இறங்கித் திடீரென்று அறையும் வீச்சு. தெற்கே எய்யாஃப்யாத்லயோகுல் மலையின் அடிவாரம், கிழக்கே தள்ளி ஒரைவி, தலைநகர் ரெய்க்யாவிக்குக்கு வடக்கே க்யாலர்நெஸ், போர்கார்நெஸ் ஊருக்கு எதிரே ஹப்னார்ஃப்யாட்ல் மலையடி ஆகிய இடங்கள் இதற்குப் பேர்போனவை. சாலையோர மின்பலகைகள் சராசரியையும் வீச்சையும் தனித்தனி எண்களாகக் காட்டுவது இதனால்தான். முதல் எண் 14 என்று இருப்பதைப் பார்த்து மனம் தேறும். பக்கத்து எண் 28 என்று இருக்கக்கூடும். எதிரே ஒரு லாரி கடக்கிற அந்த ஒரு நொடியில் காற்று நின்று, லாரி விலகியதும் மறுபடி மோதும். இடப்பக்கம் ஓட்டியே பழகிய நம்மவருக்கு ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருத்துவது என்பதில் கை தடுமாறும். (ஐஸ்லாந்தும் ஒரு காலத்தில் இடப்பக்கம் ஓட்டிய நாடுதான், 1968 மே 26 அன்று மாறிக்கொண்டது.)

வண்டி கவிழ்வது அரிது. பணம் போவது அரிதல்ல. காற்றடிக்கும்போது கதவைத் திறந்தால் அது கையைவிட்டுப் பறந்து, கீல் மடங்கி, முன்பக்கத் தகட்டையும் நசுக்கிவிடும். வாடகை வண்டிக்கான வழக்கமான காப்பீட்டில் இந்தச் சேதம் பெரும்பாலும் சேராது. தென்கரையின் கருமணல் வெளிகளில் காற்றோடு எழும் மணல், வண்ணப்பூச்சையும் கண்ணாடியையும் உரித்துவிடும். மணலுக்கும் எரிமலைச் சாம்பலுக்கும் தனிக் காப்பீடு விற்கிறார்கள் என்பதே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. விமானச் சீட்டில் சில ஆயிரம் மிச்சப்படுத்த மூன்று இரவு கண்விழிக்கிறவர்கள், வாடகை ஒப்பந்தத்தின் இந்தப் பத்தியைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது வியப்புதான். மூக்கு காற்றை நோக்கி இருக்குமாறு வண்டியை நிறுத்துங்கள், ஒரு கதவைத் திறக்கும்போது இன்னொன்று மூடியிருக்கட்டும், கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள் என்பதை ஓட்டுபவருக்கு மட்டுமல்ல, பின்னால் உட்காரும் பிள்ளைகளுக்கும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சமைப்பதிலும் காற்று தலையிடுகிறது. வெளியே அடுப்பு பற்றாது என்று கதவு, சன்னல் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு உள்ளே கேஸ் அடுப்பைப் பற்றவைப்பது கார்பன் மோனாக்ஸைடை வரவேற்பதற்குச் சமம்.

இப்போது வளையத்துக்கு வருவோம். வளையத்தில் பாதி வழி போனபின் திரும்பி வருவதும் முன்னால் போவதும் ஒன்றுதான். கிழக்கே எகில்ஸ்ஸ்தாதிர் ஊரில் நான்காம் நாள் இரவு தங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைநகருக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் 600 கி.மீ.க்கு மேல். வடக்கே போகும் மேட்டுநிலத்தில் புயல் எச்சரிக்கை, தெற்கே ஃபியோர்டுகளின் ஓரத்தில் பலத்த வீச்சு என்றால் காத்திருப்பதைத் தவிர வழி கிடையாது. குறுக்கே போகலாம் என்றால் நடு மேட்டுநிலத்தின் எஃப் எண் சாலைகளில் நான்கு சக்கர இயக்கம் இல்லாத வண்டி போகக் கூடாது. ரயில் அந்த நாட்டிலேயே இல்லை. வளையச் சாலையும் தொன்றுதொட்டு இருப்பதல்ல. பனியாற்று நீர் அலைந்து திரியும் ஸ்கெய்தரார் மணல்வெளியில் பாலங்கள் கட்டி 1974-ல்தான் இரண்டு முனைகளையும் இணைத்தார்கள். 1996-ல் வத்னயோகுல் பனிப்பரப்புக்கு அடியில் எரிமலை வெடித்து, நவம்பரில் வெள்ளம் பாய்ந்து அந்தப் பாலங்களை உடைத்தது. முறுக்கிய இரும்பு உத்தரங்களைச் சாலையோரத்தில் இன்றும் பார்க்கலாம். 2011 ஜூலையில், சுற்றுலா உச்சத்தில், மூலக்விஸ்ல் ஆற்றுப்பாலத்தை வெள்ளம் அடித்துப்போனது. ஒரு வாரத்துக்குள் தற்காலிகப் பாலம் போட்டுவிட்டார்கள். அதுவரை வண்டிகளைப் பெரிய லாரிகளில் ஏற்றி ஆற்றைக் கடத்தினார்கள். அங்குள்ளவர்கள் இதைப் பெரிய அதிர்ச்சியாக எடுத்துக்கொள்வதில்லை. ஒன்பதாம் நாள் காலை விமானம் பிடிக்க வேண்டியவருக்குத்தான் அது பேரிடர்.

ஆகவே போன வழியே திரும்புகிற பயணம் மேல். ரெய்க்யாவிக்கிலிருந்து தென்கரை ஓரமாக ஹோஃப்ன் வரை 460 கி.மீ. அளவு, போய்வர 920. வளையத்தைவிட 400 கி.மீ. குறைவு என்பது சிறிய லாபம். ஒவ்வொரு இடத்தையும் இரண்டு முறை கடக்கிறீர்கள் என்பதுதான் பெரிய லாபம். போகும்போது வீக் ஊருக்கு அருகே கருமணல் கரையில் கால் வைக்க முடியாத காற்றா? விட்டுவிட்டு வரும்போது பார்க்கலாம். யோகுல்சார்லோன் பனிக்கட்டி ஏரியில் மூடுபனியா? அதே கதைதான். வளையத்தில் இந்த இரண்டாவது வாய்ப்பு கிடையாது. மழையில் தவறவிட்டது தவறவிட்டதுதான். எட்டு நாளில் ஐந்தை ஓட்டுவதற்கும், இரண்டைக் காற்றுக்கும், கடைசி நாளை விமான நிலையத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் இருக்கும் ஏதாவது ஓர் ஊருக்கும் ஒதுக்கினால் போதும். காற்று வராவிட்டால் அந்த இரண்டு நாளும் மிச்சம். ஹோஃப்ன் பக்கத்தில் பனியாற்று நாக்குகளை நிதானமாக நடந்து பார்க்கலாம். வடக்கின் ஆகுரெய்ரியும் மீவத்ன் ஏரியும் விட்டுப்போகுமே என்று கேட்பார்கள். போகும். பன்னிரண்டு, பதினான்கு நாள் கிடைத்தவர்கள் தாராளமாக வளையம் வரட்டும்.

சிறிய காரும் ஓட்டல் அறையும் என்றால் காற்றுக்குப் பயமில்லையே என்ற வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. தாழ்வான காரைக் காற்று அவ்வளவு அசைக்காது. ஆனால் கோடையில் தென்கரை ஓட்டல்களை மாதக்கணக்கில் முன்பே பதிவுசெய்தாக வேண்டும். அப்படிப் பதிவுசெய்ததும் ஒவ்வோர் இரவும் ஓர் ஊரோடு கட்டுண்டுவிடுகிறது. கட்டிய பணத்துக்காகவே ஓட்டக் கூடாத காற்றில் ஓட்டுவார்கள். கேம்பர்வேனின் உண்மையான வசதி படுக்கையும் அடுப்பும் அல்ல, தேதி இல்லாமை. முகாம் மைதானங்கள் பலவற்றில் முன்பதிவே வேண்டாம். போய்ச் சேர்ந்து பணம் கட்டினால் போதும். இந்த வசதிக்குக் கூடுதல் வாடகை கொடுத்துவிட்டு, பிறகு எட்டு இரவுக்கும் எட்டு ஊரை எழுதிவைத்துக்கொள்வதில் என்ன பொருள்? நம் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு இங்கே கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. ஷெங்கன் விசாவுக்கு நாள்வாரியாகப் பயணத்திட்டம் எழுதவேண்டி வருவதால், மூன்று நாளுக்கு மேல் நம்ப முடியாத வானிலையைப் பற்றி மூன்று மாதம் முன்பே முடிவெடுத்துவிடுகிறோம். விசாவுக்கு எழுதும்போதே போய்த்திரும்பும் பாதையாகவும், ஒரே ஊரில் இரண்டு இரவு தங்குவதாகவும் எழுதினால், பின்னால் மனம் அந்தத் தாளோடு சண்டை போட வேண்டியிருக்காது.

கோடையில் காற்று குறைவு என்பது இன்னொரு பதில். உண்மைதான், ஜூன், ஜூலையில் புயல் குறைவு. ஆனால் விலை இறங்குவதும் வடதிசை ஒளி தெரியத் தொடங்குவதும் செப்டம்பரில், ஆகவே நம்மவர்கள் ஆசைப்படுவதும் செப்டம்பருக்குத்தான். இலையுதிர்காலப் புயல்கள் கிளம்புவதும் அதே மாதம். முகாம் மைதானங்களில் பல செப்டம்பர் நடுவில் கதவைச் சாத்திவிடும். சாலையோரத்தில் எங்காவது நிறுத்திப் படுத்துக்கொள்ளலாம் என்ற பழைய சுதந்திரம் இப்போது இல்லை: 2015-ல் நடைமுறைக்கு வந்த இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் முகாம் மைதானத்துக்கு வெளியே கேம்பர்வேனில் இரவு தங்கக் கூடாது. செப்டம்பர் கடைசியில் ஒரு மைதானத்துக்கும் திறந்திருக்கும் அடுத்ததற்கும் இடையே நூறு கி.மீ. இருந்தால், சாயங்காலம் காற்று எழும்பும்போது நடுவில் ஒதுங்க இடமிருக்காது. செப்டம்பரில் போகிறவர்கள் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் மைதானங்களை முதலில் வரைபடத்தில் குறித்துக்கொண்டு, அருவிகளை அதற்குப் பிறகு குறிக்கட்டும்.

நின்றுபோன நாளில் என்ன செய்வது என்று கேட்டால், அந்த நாட்டுக்காரர்கள் செய்வதைத்தான் செய்ய வேண்டும்: உள்ளூர் நீச்சல் குளத்துக்குப் போவது. மிகச் சிறிய ஊரிலும் பொதுக் குளம் ஒன்று இருக்கும். பெரும்பாலும் பூமிக்கடியில் இருந்து வரும் வெந்நீர், அதைவிடச் சூடான தொட்டி ஒன்றிரண்டு, நல்ல குளியலறை. முகாம் மைதானத்தில் குளிக்க வரிசையில் நிற்பதைவிட இது மேல். கட்டணமும் சுற்றுலா விளம்பரங்களில் வரும் வெந்நீர்க் குளங்களின் கட்டணத்தில் சிறு பங்குதான். ஒரே நிபந்தனை, குளத்தில் இறங்குமுன் நீச்சலுடையைக் கழற்றி, சோப்புப் போட்டு, மற்றவர்கள் இருக்கும் பொதுக் குளியலறையில் குளித்தாக வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அறைதான் என்றாலும் நம் வீட்டுப் பெரியவர்கள் தயங்குவார்கள். பல குளங்களில் திரையிட்ட தனிமூலை ஒன்று இருக்கும். வாசலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.