கருவி அறியாத மூன்று செய்திகள்

தொழிலின் பொருட்டும் கல்வியின் பொருட்டும் தமிழகத்தை விட்டு வந்து, பாரதத்தின் பல நகரங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில் காமிரா இல்லாத இல்லம் இன்று அரிது. தனிக் காமிரா இல்லையெனினும் கைப்பேசியிலேனும் ஒன்று இருக்கிறது. பொங்கல் விழாவிலும், குழந்தைகளின் ஆண்டு விழாவிலும், அரங்கேற்றத்திலும் எடுக்கப்படும் படங்களுக்கு அளவே இல்லை. ஆனால், மறுநாள் ஊரிலுள்ள பாட்டிக்கு அனுப்புவதற்கென்று நல்ல படம் ஒன்றைத் தேடும்போதுதான் உண்மை புலனாகின்றது. நூறு படங்கள் இருக்கும். பேத்தியின் முகம் தெளிவாய் விழுந்த படம் ஒன்றும் இராது. மேடைத் திரையின் பூவேலை இழை இழையாகத் தெரியும். அதன் முன் ஆடிய குழந்தையோ மங்கியிருப்பாள்.

இதற்குக் கருவியைக் குறை கூறுவோர் உளர். விலை மிகுந்த கருவியை வாங்கிவிட்டால் குறை தீரும் என்று கருதுவோரும் உளர். கருவி பல அறியும். ஒளியை அளக்கும், தொலைவைக் கணிக்கும், நொடியை ஆயிரமாகக் கூறிடும். எனினும் மூன்று செய்திகளை அது அறியாது. எதிரே நிற்பவருள் நமக்கு உரியவர் யார் என்பது ஒன்று. எந்தக் கணம் போற்றத்தக்கது என்பது மற்றொன்று. எடுத்த படம் எங்கே, எத்தனை காலம் வாழவேண்டும் என்பது மூன்றாவது. இம்மூன்றையும் நாமே அதற்குச் சொல்லல் வேண்டும். சொல்லுதற்கு உரிய வழிகளே குவியம், தொடர் படப்பிடிப்பு, படத்தரம் ஆகிய மூன்று அமைப்புகள். அவற்றை முறையே காண்போம்.

குவியம்

ஃபோகஸ் என்று நாம் வழங்கும் குவியத்தைக் கருவி தானே அமைத்துக்கொள்ளும் வசதி பழமையானதன்று. அவ்வசதியுடன் பெருமளவில் செய்யப்பட்டுக் கடைக்கு வந்த முதல் காமிரா, 1977-ஆம் ஆண்டில் வெளிவந்த கோனிகா சி-35 ஏ.எஃப். என்பதாகும். இன்றைய டிஜிட்டல் காமிராக்கள் இரு முறைகளைக் கையாளுகின்றன. ஒன்று, வேறுபாட்டை நோக்கும் முறை. ஊசியில் நூல் கோக்கும் முதியவர் கையை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்ப்பதுபோல, லென்ஸ் முன்னும் பின்னும் சென்று, ஒளிக்கும் நிழலுக்கும் இடையே வேறுபாடு மிகும் இடத்தில் நிற்கும். மற்றொன்று, லென்ஸின் இரு பக்கங்களிலிருந்து வரும் ஒளியை ஒப்பிட்டு, எத்திசையில் எவ்வளவு நகரவேண்டும் என்பதை ஒரே கணிப்பில் அறியும் முறை. இது விரைவானது, ஓடுவதையும் ஆடுவதையும் பின்தொடர வல்லது.

இரு முறைகளுக்கும் பொதுவான தேவை ஒன்று உண்டு. பற்றிக்கொள்வதற்கு ஒரு விளிம்போ கோடோ வேண்டும். ஆகவேதான் வெள்ளை வேட்டியின் நடுவே குறி வைத்தால் லென்ஸ் நிலைகொள்ளாது அலைகின்றது. அதே வேட்டியின் கரையில் குறி வைத்தால் உடனே நிற்கின்றது. தில்லியில் தை மாதத்து மூடுபனியில் பொங்கற்பானையைப் படமெடுக்கும்போது காமிரா தடுமாறுவதும் இக்காரணத்தாலேயே. பனி, விளிம்புகளையெல்லாம் கரைத்துவிடுகின்றது. அந்நிலையில் பானையின் கழுத்திற் கட்டிய மஞ்சட்கொத்தைக் குறியாகக் கொள்ளலாம்.

இனி, எதைக் குறி வைப்பது என்பதைக் கருவியிடமே விட்டால் நேர்வது யாது? அருகிலிருப்பதையும், பளிச்சென்று தெரிவதையும் அது பற்றிக்கொள்ள முனையும். மேடையின் முன்னே குத்துவிளக்கு நிற்கும். ஒலிபெருக்கியின் தண்டு நிற்கும். காமிராவுக்கு அவையே தலைவர்கள்! ஆதலின், குவியப் பரப்பை ஒற்றைப் புள்ளியாகச் சுருக்கி, அப்புள்ளியை வேண்டியவர் முகத்தில் வைத்தல் நன்று. முகத்தையும் கண்ணையும் தாமே கண்டுகொள்ளும் காமிராக்கள் இப்போது பல உள்ளன. அவ்வசதி இருப்பின் பயன்படுத்தலாம். ஆயினும் பத்துக் குழந்தைகள் வரிசையில் நிற்கும்போது, எந்த முகம் என்பதை நாம்தான் காட்டவேண்டும்.

குவியத்தின் நடைமுறையும் இருவகைப்படும். பொத்தானைப் பாதி அழுத்தியதும் ஒருமுறை குவிந்து, அங்கேயே நிற்பது ஒருவகை. நிக்கான், சோனி காமிராக்களில் இதனை ஏ.எஃப்-எஸ் என்றும், கேனானில் ஒன் ஷாட் என்றும் குறிப்பர். அமர்ந்து பாடுவோர்க்கும், சொற்பொழிவாளர்க்கும், குடும்பப் படத்திற்கும் இதுவே ஏற்றது. நகர்வோரை விடாது பின்தொடர்வது மற்றொரு வகை. அதனை முன்னவை ஏ.எஃப்-சி என்னும், கேனான் சர்வோ என்னும். ஓட்டப் பந்தயத்திற்கும் நடனத்திற்கும் இது வேண்டும். ஓடிவரும் சிறுவனை முதல்வகையில் எடுத்தால், அவன் சற்று முன் நின்ற இடம் தெளிவாயிருக்கும், அவன் இரான்!

மூன்று வரிசையாக நிற்கும் பெருங்குடும்பத்தைப் படமெடுப்பதாயின், லென்ஸின் துளையை எஃப்-8 அளவுக்குச் சுருக்கி, நடு வரிசையில் குறி வைக்கலாம். தெளிவு முன்னும் பின்னும் பரவும். பின்வரிசையில் நிற்கும் மாமாவுக்கு மனக்குறை நேராது.

தொடர் படப்பிடிப்பு

1878-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாலோ ஆல்ட்டோவில், எட்வர்ட் மைபிரிட்ஜ் என்பார் ஓடும் குதிரையின் பாதையோரம் பன்னிரண்டு காமிராக்களை வரிசையாக நிறுத்தி, ஒன்றன்பின் ஒன்றாக இயங்கச் செய்தார். பாய்ச்சலின்போது குதிரையின் நான்கு குளம்புகளும் ஒருங்கே நிலத்தை விட்டு எழும் கணம் ஒன்று உண்டு என்பதை அப்படங்கள் காட்டின. மனிதக் கண் காணாததைக் கருவி கண்டது. அன்று பன்னிரண்டு கருவிகள் செய்த பணியை இன்று ஒரே கருவி செய்கின்றது. பர்ஸ்ட் எனப்படும் தொடர் அமைப்பில், பொத்தானை அழுத்திப் பிடித்தால் நொடிக்குப் பத்துப் படம் எடுப்பது இன்று எளிய செய்தி.

ஆயினும் இவ்வாற்றலுக்கு ஓர் எல்லை உண்டு. ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் 1975-இல் அமைத்த முதல் டிஜிட்டல் காமிரா, 10,000 புள்ளிகளே கொண்ட ஒரு படத்தை நாடாவில் பதிவதற்கு 23 நொடிகளை எடுத்துக்கொண்டது. பதிவதற்கு நேரம் வேண்டும் என்னும் விதி இன்றும் மாறவில்லை. இன்றைய காமிரா, எடுத்த படங்களைத் தன் உள்நினைவில் முதலில் தேக்கிவைத்து, பின்னரே அட்டைக்கு மாற்றுகின்றது. தேக்கம் நிரம்பினால் வேகம் குன்றும். அரங்கேற்றத்தின் மிக அரிய அசைவு அவ்வேளையில் நிகழுமாயின், நாம் வெறுங்கையராய் நிற்போம். ஆகவே நீண்ட அழுத்தம் வேண்டா. ஒரு நொடி, இரு நொடி என்ற அளவில் விட்டுவிட்டு அழுத்துதலே முறை. விரைவாக எழுதும் அட்டையும் துணைசெய்யும்.

மற்றொன்றையும் நினைவிற் கொள்ளவேண்டும். ஷட்டர் மெதுவாக இயங்கினால், தொடர் அமைப்பு நமக்குத் தருவது நொடிக்குப் பத்து மங்கற் படங்களே. நடனத்திற்கு நொடியில் ஐந்நூற்றில் ஒரு பங்கு என்ற அளவேனும் ஷட்டருக்கு வேண்டும். ஒளி போதாதெனின் ஐ.எஸ்.ஓ. அளவை உயர்த்தலாம். படத்தில் சிறிது மணல் தூவியதுபோல் தோன்றினும், மங்கிய முகத்தைவிட அது மேலானதன்றோ? மங்கலின் காரணத்தைக் கண்டறிய எளிய வழியும் உண்டு. குழந்தை மங்கிப் பின்திரை தெளிவாயிருந்து, அவள் அசையாது நின்றிருந்தால், பிழை குவியத்தினது. முகம் தெளிவாயிருந்து வீசிய கை மட்டும் கலைந்திருந்தால், ஷட்டர் மெதுவாக இயங்கியது என்க. படம் முழுதும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால், அசைந்தது நம் கை.

மேடை விளக்குகளும் சில வேளைகளில் குறும்பு செய்யும். நம் நாட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. ஆதலால் குழல் விளக்குகளும் சிலவகை எல்.இ.டி. விளக்குகளும் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன. கண் இதனை உணராது. விரைந்த ஷட்டர் உணரும். தொடர்ந்து எடுத்த படங்களுள் ஒன்று வெளிச்சமாகவும் அடுத்தது இருண்டும், ஒன்றில் பட்டை பட்டையாகவும் இருப்பது இதனாலேயே. ஒலியின்றி இயங்கும் மின்னணு ஷட்டர் பெரும்பாலான காமிராக்களில் வரிவரியாகப் படத்தைப் படிப்பதால், பட்டைகள் அதில் மிகுதி. இத்தகைய அரங்கில் இயந்திர ஷட்டரையும், இருப்பின் ஒளித்துடிப்பைத் தவிர்க்கும் அமைப்பையும் தெரிந்துகொள்வது நன்று.

இவையனைத்தினும் சிறந்த துணை நம்மிடமே உள்ளது. அது தாளம். பரதநாட்டியத்தில் தீர்மானம் முடிந்து அறுதி வரும்போது, ஆடுபவர் ஒரு கணம் சிலைபோல் நிற்பதை நாம் அறிவோம். சொற்கட்டைக் காது கொடுத்துக் கேட்பவர், அக்கணம் வருமுன்னரே விரலை ஆயத்தமாக வைத்திருப்பார். அவர்க்கு மூன்று படம் போதும். கேளாதவர்க்கு முந்நூறும் போதா. இளமையில் கச்சேரிக்குச் சென்று தாளம் போட்டுப் பழகிய நம் பெரியவர்களிடம் காமிராவைக் கொடுத்துப் பார்க்கலாமே!

குடும்பப் படத்திற்கும் தொடர் அமைப்பு பயன்படும். இமைப்பு என்பது ஒரு நொடியின் மூன்றில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடுவது. இருபது பேர் நிற்கும் படத்தில் எப்போதும் யாரேனும் ஒருவர் இமைத்துக்கொண்டிருப்பர். ஐந்தாறு படங்களைத் தொடர்ந்து எடுத்தால், எல்லாரும் விழித்திருக்கும் படம் ஒன்று அமையக்கூடும். ஆனால் எடுத்தவற்றை அன்றிரவே தெரிந்தெடுத்து, ஏனையவற்றை நீக்குதல் வேண்டும். எண்ணூறு படங்களை ஒருங்கே பெறும் பாட்டி எதையும் பார்ப்பதில்லை. ஐந்து படங்களைப் பெறுபவர் ஐந்தையும் அண்டை வீட்டார்க்குக் காட்டுவார்.

படத்தரம்

ஒரு படத்தைச் சிறு இடத்தில் அடக்கிவைக்கும் ஜேபெக் என்னும் முறை 1992-இல் வகுக்கப்பட்டது. அதன் அடிப்படையான கணிதத்தைத் தந்தவர், பெங்களூரில் பிறந்து அமெரிக்கா சென்ற நாசிர் அகமது என்னும் பேராசிரியர். டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1974-இல் வெளிவந்தது. நம்மைப் போலவே பிறந்த மண்ணை விட்டுச் சென்ற ஒருவரின் அறிவு, இன்று நம் மக்கள் ஊருக்கு அனுப்பும் எண்ணற்ற படங்களுக்குள் ஒளிந்திருப்பது எண்ணி மகிழத்தக்கது.

அம்முறை படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கின்றது. ஒவ்வொரு கட்டத்திலும் மெல்ல மாறும் சாயல்களைப் பேணி, கண் எளிதிற் காணாத நுண்மாற்றங்களைக் குறைத்துவிடுகின்றது. அளவோடு செய்தால் குறை தெரியாது. மிகுத்தாலோ, கூந்தலின் மல்லிகை வெள்ளைத் திட்டாகும். பட்டின் சரிகை குழம்பும். ஃபைன், நார்மல், பேசிக் என்று காமிரா கேட்பது இதனைத்தான். நிக்கான் காமிராக்களில் இவை ஏறத்தாழ நான்கில் ஒன்றாக, எட்டில் ஒன்றாக, பதினாறில் ஒன்றாகச் சுருக்குவன. ஒருமுறை இழந்த நுண்மையை மீட்கும் வழி இல்லை.

ரா என்னும் அமைப்பு, கருவி கண்டதைச் சமைக்காமல் அப்படியே வைப்பது. ஜேபெக் ஒவ்வொரு நிறத்திற்கும் 256 படிகளையே வைக்கும். 14 பிட் ரா கோப்போ 16,384 படிகளை வைக்கும். மேடையின் சிவப்பு விளக்கும் நீல விளக்கும் குழந்தையின் முகத்தை நிறம் மாற்றிவிட்டாலும், பின்னர்க் கணினியில் ஓரளவு திருத்த இடம் கிடைக்கும். ஆனால் ரா கோப்பு பெரிது. தொடர் படப்பிடிப்பின்போது தேக்கத்தை விரைவில் நிரப்பும். ஆகவே பகல் வெளிச்சத்தில் நடக்கும் ஓட்டப் பந்தயத்திற்கு ஃபைன் ஜேபெக்கும், அரங்கேற்றம், திருமணம் போன்ற மீண்டும் வாரா நிகழ்ச்சிகளுக்கு ராவும் ஜேபெக்கும் சேர்ந்த அமைப்பும் பொருந்தும்.

சுவரில் மாட்டும் படத்திற்குக் கணக்கு எளிது. அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்று கொண்டால், 12-க்கு 18 அங்குலப் படத்திற்கு 3,600-க்கு 5,400 புள்ளிகள் வேண்டும். அதாவது ஏறத்தாழ 1 கோடியே 94 லட்சம். 24 மெகாபிக்ஸல் காமிரா இதனை நிறைவு செய்யும்; ஆனால் படஅளவைச் சிறியது என்று வைத்திருந்தால் செய்யாது. மேலும், செய்தி அனுப்பும் செயலிகள் வழக்கமான முறையில் அனுப்பும் படத்தை மீண்டும் சுருக்குகின்றன. ஊரிலுள்ளோர் அச்சிட்டு மாட்ட வேண்டிய படத்தை ஆவணமாக இணைத்து அனுப்புவதே தக்கது. மூலப்படத்தை இரண்டு இடங்களிலேனும் சேமித்து வைத்தல் இன்றியமையாதது.

வாசக அன்பர்களுக்கு நாம் கூற விரும்புவது இதுவே. அடுத்த விழாவன்று, குத்துவிளக்கு ஏற்றுமுன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். நிற்பவரா, ஆடுபவரா என்று பார்த்துக் குவிய வகையை அமையுங்கள். ஒற்றைப் படமா, தொடரா என்று முடிவு செய்யுங்கள். படம் கைப்பேசியோடு நிற்பதா, ஊர் வீட்டுக் கூடத்தில் தொங்குவதா என்று எண்ணித் தரத்தைத் தெரிந்தெடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையே பேரனைக் காணும் முதியவர்க்கு, இடைப்பட்ட மாதங்களில் அவன் வளர்ந்த வளர்ச்சியெல்லாம் அப்படங்களிலேதான் இருக்கின்றது. அவன் முகம் அவற்றில் தெளிவாக இருக்கட்டும்.