போர்க்காலப் பினாங்கும் இன்றைய ஜோர்ஜ்டவுனும்

முன்னுரை

ஜோர்ஜ்டவுன் நகரம் 2008ஆம் ஆண்டு சூலைத் திங்களில், மலாக்காவுடன் இணைத்து யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அன்றுமுதல் இந்நகரைப் பற்றிய பேச்சு பெரிதும் வணிகம், பல்லின வாழ்வு, கட்டடக்கலை ஆகிய மூன்றையே சுற்றி வருகிறது. 1941 முதல் 1945 வரையிலான சப்பானிய ஆட்சிக்காலம் அதில் பெறும் இடம் சிறிது. அக்காலத்தை அறியாமல் இந்நகரின் பிற்கால வாழ்வை முழுமையாக விளங்கிக்கொள்ள இயலாது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

கைவிடப்பட்ட நகரம்

1941 டிசம்பர் 11ஆம் நாள் சப்பானிய வானூர்திகள் நகரின் மீது குண்டு வீசின. வான்தாக்குதலை முன்பின் அறியாத மக்கள் வீதிகளில் நின்று அண்ணாந்து பார்த்தனர். அதனாலேயே உயிரிழப்பு மிகுந்தது. அடுத்த சில நாள்களில் ஐரோப்பியர் மட்டும் இரவோடிரவாகத் தீவிலிருந்து வெளியேற்றப்பட்டனர். ஆசிய மக்களுக்கு முறையான அறிவிப்புக்கூட இல்லை. வானொலி நிலையமும் சிறுபடகுகளும் அழிக்கப்படாமல் விடப்பட்டு எதிரிக்கே பயன்பட்டன.

அவ்வேளையில் பொறுப்பேற்றவர், 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' நாளிதழின் ஆசிரியரும் இலங்கைத் தமிழருமான சரவணமுத்து ஆவார். அவர் கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரித்தானியக் கொடியை இறக்கி வெள்ளைக் கொடியை ஏற்றினார். நகரில் படைகள் இல்லை என்பதை வானொலிவழி அறிவித்துக் குண்டுவீச்சை நிறுத்தக் கோரினார். பல இனத்தவரும் இடம்பெற்ற குழுவொன்று அவர் தலைமையில் நகரின் ஒழுங்கைக் கவனித்தது. டிசம்பர் 19ஆம் நாள் சப்பானியப் படை நகருள் நுழைந்தது.

துறைமுகம் செயலிழந்தபோது

பினாங்கு, அரிசியைப் பெருமளவு பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் பெற்ற நகரம். கடல் வணிகம் தந்த வளமே அதன் பலவீனமாகவும் அமைந்தது. கப்பல்கள் நின்றதும் அரிசி அரிதாயிற்று. மரவள்ளிக்கிழங்கு அன்றாட உணவாயிற்று. வாழைமரம் அச்சிட்ட சப்பானியப் பணத்தாள் நாளுக்கு நாள் மதிப்பிழந்தது. துறைமுகமோ சப்பானிய, செருமானிய நீர்மூழ்கிகளின் தளமாக மாறியது. அதனால் 1944இல் நேச நாட்டு வானூர்திகள் அதன் நீர்ப்பரப்பில் கண்ணிவெடிகளை இட்டன.

தமிழருக்கு இத்துறைமுகம் தாயகத்தின் வாயிலாகவும் இருந்தது. 1926 முதல் 1973 வரை ஓடிய 'ரஜூலா' போன்ற கப்பல்கள் நாகப்பட்டினத்தையும் பினாங்கையும் இணைத்தன. போரின்போது அவ்வழி அடைபட்டது. பயணமும் கடிதமும் பணவிடையும் நின்றன. ஊர் திரும்ப இயலாத தோட்டத் தொழிலாளர் பலர் 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மீளாதோர் பல்லாயிரவர்.

போருக்குப் பின்

1945 செப்டம்பரில் பிரித்தானியர் மீண்டும் வந்தனர். ஆயினும் மக்களின் பழைய நம்பிக்கை திரும்பவில்லை. தம்மைக் காப்பதாகக் கூறிய ஆட்சி தம்மைக் கைவிட்டதை அவர்கள் கண்கூடாகக் கண்டிருந்தனர். பிற்கால விடுதலை உணர்வுக்கு இவ்வனுபவமும் ஒரு காரணமாகும்.

வரியற்ற துறைமுகம் எனும் தகுதியை 1969இல் நகரம் இழந்தது. 1972இல் பாயான் லெப்பாசில் தொடங்கிய தொழிற்பேட்டை புதிய வாழ்வாதாரமாயிற்று. சரக்குக் கப்பல்கள் பட்டர்வொர்த் கரைக்கு இடம்பெயர்ந்தன. 2000ஆம் ஆண்டில் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதும், தலைமுறைகளாகக் கடைவீடுகளில் குடியிருந்தோர் பலர் வெளியேறினர். அவர்களுடன் அவ்வீதிகளின் நினைவுகளும் வெளியேறின. இன்று கட்டடங்கள் காக்கப்படுகின்றன. அங்கு வாழ்ந்தோரின் வாய்மொழி காக்கப்படவில்லை.

முடிவுரை

சப்பானியர் காலத்தை நேரில் கண்டோர் இன்று மிகச் சிலரே. அவர்தம் பிள்ளைகளிடம் கேட்டறிந்த செய்திகள் இன்னும் உள்ளன. தமிழாசிரியர்கள் அவற்றை மாணவர்வழித் தொகுத்தல் வேண்டும். மொழிப்பாடத்தில் நேர்காணலும் கட்டுரையும் உள்ளமையால் அதற்குத் தனிநேரம் தேவையில்லை. காலம் தாழ்த்தினால், மரபுடைமை நகரில் தமிழரின் சுவடு கோயில் கோபுரத்தோடும் கடைத்தெருவோடும் நின்றுவிடும்.