வகுப்பறை நாட்கள் – 9: தப்பு விடைக்குள் ஒரு கணக்கு

ஈராசிரியர் பள்ளியில் ஒரு நாள் எப்படி ஓடும் என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள் வரை 2 ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. எங்கள் பள்ளியில் ஒன்று முதல் மூன்று வரை என் பொறுப்பு. நான்கும் ஐந்தும் தலைமையாசிரியரிடம். ஒரு புதன்கிழமையைச் சொல்கிறேன்.

காலையில் பொங்கலும் சாம்பாரும். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்தது. அதற்கு முன்பு பத்தரை மணி ஆனால் போதும், "வயிறு வலிக்குது டீச்சர்" என்று யாராவது வந்து நிற்பார்கள். பசி என்று சொல்லக் கூச்சம். இப்போது அந்த வயிற்றுவலி அநேகமாகக் காணோம். முதல் பாடவேளை முழுசாகக் கைக்குக் கிடைக்கிறது.

முதலில் தமிழ். 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் குழந்தைகளை வகுப்பை வைத்துப் பிரிப்பதில்லை. எட்டியிருக்கும் நிலையை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோம். அரும்புக் குழு கீழ்மட்டக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தது. ட, ப, ம மூன்றும் எளிய கோடுகள்தாம். புள்ளி வைக்கவும் தெரிந்துவிட்டால் படம், பட்டம், மடம் என்று சொற்கள் வர ஆரம்பித்துவிடும். 247 எழுத்தும் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் 'மட்டம்' என்று எழுதிவிட்டு, "பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுறது, அதுதானே டீச்சர்?" என்றான். தானாக எழுதிய சொல்லுக்குத் தானே பொருளும் சொல்லிவிட்டான்.

அடுத்து கணக்கு. மூன்றாம் வகுப்புக்கு 42-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னேன். ஒரு சிறுமி 35 என்று எழுதியிருந்தாள். எப்படி வந்தது என்று கேட்டேன்.

"ரெண்டுல ஏழு போகாது டீச்சர். அதான் ஏழுல ரெண்ட எடுத்தேன்."

கழித்தல் படிக்கும் குழந்தைகளிடம் அடிக்கடி பார்க்கிற தவறு இது. கவனக்குறைவால் வருவதில்லை. பெரியதிலிருந்துதான் சிறியதை எடுக்க முடியும் என்று முன்பு படித்ததை அவள் ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறாள். சிவப்பு மையில் அடித்துவிட்டு இதே மாதிரிப் பத்துக் கணக்கு கொடுத்திருந்தால், பத்தையும் இப்படியே போட்டிருப்பாள்.

குச்சிகளை எடுத்துக் கொடுத்தேன். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட நான்கு கட்டு, உதிரியாக இரண்டு. 17-ஐ எடு என்றேன். ஒரு கட்டைத் தள்ளி வைத்தாள். இன்னும் ஏழு வேண்டும், உதிரியோ இரண்டுதான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவள், இன்னொரு கட்டின் ரப்பர் பேண்டைத் தானாகவே கழற்றினாள். பன்னிரண்டு உதிரியில் ஏழு போக ஐந்து. மீதி இரண்டு கட்டு. "இருவத்தஞ்சு!" கடன் வாங்குவது என்று நாம் வாயால் சொல்வது என்ன என்பது அப்போதுதான் அவள் கைக்குப் புரிந்தது.

ஆங்கிலம் அன்று பாட்டும் அபிநயமுமாக முடிந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு இலைப் பாடம். பூவரசு இலையில் நரம்பு வலைபோல் ஓடும். புல்லிலும் மூங்கிலிலும் நேர்நேராக ஓடும். இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, மூன்றாம் வகுப்பில் இருந்தும் இன்னும் அரும்பிலேயே நிற்கும் பையன் எழுந்தான். வீட்டில் ஆடு மேய்ப்பவன்.

"எங்க ஆடு எருக்கைத் தொடாது டீச்சர். கிள்ளுனா பால் வரும்."

அவன் சொன்னதை அப்படியே பலகையில் எழுதினேன். இன்னும் சொல் என்றேன். நான்கு வாக்கியம் வந்தது. பிறகு அவனையே படிக்கச் சொன்னேன். புத்தகத்தில் ஒரு வரிக்கே திணறுபவன், விரல் வைத்து நான்கையும் படித்தான். சொந்த வாக்கியம் ஆதலால் அடுத்து என்ன சொல் வரும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்த சொல்லில் எழுத்தை அடையாளம் காண்பது சுலபம். மறுநாள் அதே வாக்கியங்களை அட்டையில் எழுதிக் கம்பிப் பந்தலில் தொங்கவிட்டேன். அரும்புக் குழுவுக்கு அதுவே வாசிப்புப் பாடமானது.

எழுத்தும் எண்ணும் முதலில் வரட்டும், பாட்டும் ஓவியமும் இலையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பல பள்ளிகளில் பிற்பகல் பாடங்களை வெட்டிவிட்டு மறுபடி வாய்ப்பாடு ஒப்பிக்க வைக்கிறார்கள். நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் இலைப் பாடம் இல்லாமல் போயிருந்தால் அந்தப் பையன் அன்றைக்குப் படித்திருக்க மாட்டான். காலையில் தோற்ற குழந்தை மாலைக்குள் ஒரு முறையாவது ஜெயிப்பதற்கு இடம் வேண்டும். பல பாடங்கள் இருப்பது அதற்காகவும்தான். கால அட்டவணையில் எதையாவது குறைத்தே ஆகவேண்டும் என்றால், ஆசிரியர் நிரப்பும் பதிவேடுகளைக் குறையுங்கள். குழந்தையின் பாடத்தில் கை வைக்காதீர்கள்.

அடுத்த வாரம்: வீட்டுப்பாடம் யாருக்கு?

(தொடரும்)