முலாமும் மூலமும்

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பு மாணவனொருவன் கைக்குட்டையில் முடிந்த காசொன்றை என் மேசைமீது வைத்தான். கப்பலில் ஊழியஞ் செய்த பாட்டனாரின் பெட்டியிற் கிடைத்ததாம். மஞ்சளாய் மின்னிற்று. ஒரு பக்கத்தே மங்கையொருத்தியின் தலையும் 1883 என்னும் ஆண்டும். மறுபக்கத்தே ரோமர் இலக்கத்தில் ஐந்து.

"ஐந்து டொலர்ப் பொற்காசு, ஐயா. இதை வித்து அக்காவின் கலியாணத்தைப் பாக்கலாமெண்டு அம்மா சொல்லுறா."

தமிழாசிரியனுக்குக் காசாராய்ச்சி எதற்கென அன்பர்கள் நகைக்கலாம். பழங்காசு எனக்கு நெடுநாளைய பித்து. அவனைத் தட்டாரிடம் அழைத்துச் சென்றேன். அவர் உரைகல்லை எடுத்தார். வேண்டாமென்று தடுத்தேன், மெல்ல உரைத்தால் கல்லில் விழுவது மேற்றோலின் பொன்னேயன்றோ? நிறுக்கச் சொன்னேன். தராசு 5 கிராம் காட்டிற்று. ஐந்து டொலர்ப் பொற்காசோ 8.36 கிராம். அகலத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. முலாத்தினால் நிறத்தை மாற்றலாம். எடையை மாற்றல் ஏலாது.

1883 இல் ஐக்கிய அமெரிக்க அக்கசாலை புதிய ஐந்து சத நிக்கற்காசை வெளியிட்டபோது, இலக்கத்தைப் பொறித்துச் 'சதம்' என்னுஞ் சொல்லை விட்டுவிட்டது. வஞ்சகர் அதற்குப் பொன்முலாம் பூசி ஐந்து டொலரென மாற்றினர். பொற்காசைப் போல விளிம்பில் வரிவெட்டினாருமுளர். அவ்வாண்டிலேயே அச்சொல் சேர்க்கப்பட்டது. மெய்யான பொற்காசின் பின்புறத்தே கழுகு இருக்கும். அவசரக் கடைக்காரனுக்குக் கழுகைத் தேட நேரமேது?

இதனினும் மயக்கந் தருவது லிங்கன் தலை பொறித்த 1943 ஆம் ஆண்டின் ஒரு சதக் காசு. போருக்குச் செம்பு வேண்டியிருந்தமையால் அவ்வாண்டில் நாகம் பூசிய உருக்கில் அடித்தனர். பழைய வெண்கல வில்லைகள் மிகச் சில தவறுதலாக அச்சேறிவிட்டன. அவற்றின் விலையோ பெரிது. ஆகவே உருக்குக் காசுக்குச் செம்பு முலாம் பூசுவோர் தோன்றினர். காந்தத்தை அருகே கொண்டுசென்றால் அது ஓடி ஒட்டிக்கொள்ளும். காந்தம் பற்றாதன யாவும் மெய்யென்று மகிழவுங் கூடாது. 1948 ஆம் ஆண்டு வெண்கலக் காசின் எட்டைச் செதுக்கி மூன்றாக்குவாருமுளர். அதற்கு 3.11 கிராம் எடையுஞ் சரியாகவே இருக்கும். ஆயின் 1943 இன் மூன்றுக்கு வால் நீண்டு கீழிறங்கும். எட்டிற் பிறந்த மூன்றுக்கு அஃதில்லை. பூதக்கண்ணாடியிற் கீறலுந் தெரியக்கூடும்.

டென்வர் அக்கசாலையின் 1914 ஆம் ஆண்டு ஒரு சதம் அரியது. அதற்காக 1944 இன் முதல் நான்கை ஒன்றாகச் செதுக்குவர். அப்போது ஒன்பதுக்கும் ஒன்றுக்குமிடையே வெளி அகன்று நிற்கும். அன்றியும் லிங்கனின் தோளடியிற் சிற்பியின் பெயரெழுத்துகள் மூன்று காணப்படும். அவை தோளில் ஏறியது 1918 இலேதான். பிற்காலத்துச் சொல்லைக் கொண்டு ஏட்டில் இடைச்செருகலைக் காண்பது போன்றதே இது. எனக்கு மிக விருப்பமான சோதனையும் இதுவே.

முலாத்தைக் கண்ணாலும் அறியலாம். புதுக்காசைச் சாய்த்தால், அச்சழுத்தத்தாற் பிறந்த ஒளி சக்கர ஆரம்போற் சுழலும். பின்னர்ப் பூசிய மினுக்கம் அங்ஙனம் சுழலாது. தேய்ந்து மழுங்கிய மேடுகளின் மேலும் முலாம் படிந்திருந்தால், காசு கைமாறித் திரிந்த பின்னரே பூசப்பட்டதென்க. மாணவனின் காசில் மங்கையின் கூந்தல் தேய்ந்திருந்தது. தேய்வின்மேல் மஞ்சள் மாசின்றி இருந்தது.

அவன் வீட்டுக்கு நானே சென்று சொன்னேன். தாயார் நெடுநேரம் காசைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்புவையும் ஆரோ ஏமாத்திப்போட்டாங்கள், வாத்தியார்" என்று கூறி, அதனை மறுபடியும் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.