பிம்ப் சி

பிம்ப் சி (டிசம்பர் 29, 1973 – டிசம்பர் 4, 2007) அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த ராப் பாடகரும் இசைத் தயாரிப்பாளரும் ஆவார். இயற்பெயர் சாட் லமான்ட் பட்லர். நண்பர் பன் பி-யுடன் சேர்ந்து இவர் நடத்திய யூஜிகே என்னும் இருவர் குழு, அமெரிக்கத் தென்மாநில ராப் இசைக்குத் தனி ஒலியைத் தந்த குழுக்களுள் ஒன்று. 'அண்டர்கிரவுண்ட் கிங்ஸ்' என்பதன் சுருக்கமே யூஜிகே.

மேடைப்பெயரில் உள்ள 'பிம்ப்' என்பதற்குப் பாலியல் தொழில் தரகன் என்று பொருள். 1970களின் கறுப்பினத்தவர் திரைப்படங்களில் வந்த பகட்டான தரகன் பாத்திரம் ராப் உலகில் பலரும் எடுத்துப் பூண்ட வேடம். அந்த வேடத்துக்கு ஏற்ப இவரது பாடல்களில் பெண்களைப் பற்றிய பேச்சு பல இடங்களில் இழிவாகவே இருக்கிறது. இசையைப் பாராட்டுவோரும் இதை மறுப்பதில்லை.

இளமையும் இசைப்பயிற்சியும்

இவர் வளர்ந்த போர்ட் ஆர்தர், லூசியானா எல்லையை ஒட்டி மெக்சிகோ வளைகுடாப் பக்கம் இருக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நகரம். ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளின் பிறந்ததும் இங்கேதான். இவரது தந்தை எக்காளம் வாசித்தவர், மாற்றாந்தந்தை இசையாசிரியர். சாட் பள்ளிச் சேர்ந்திசைக் குழுவில் பாடினார், இசைக்கருவிகளும் பழகினார். ஏற்கெனவே வெளிவந்த இசைத்தட்டுகளிலிருந்து துண்டுகளை வெட்டி ஒட்டித் தாளம் அமைப்பதே ராப் தயாரிப்பில் அன்று பெருவழக்கு. அப்படிச் செய்தவர்களிடையே, ஸ்வரம் தெரிந்து இசையமைக்க வந்தவர் இவர். பின்னாளில் இவரைத் தனித்துக் காட்டியது இந்தப் பயிற்சிதான்.

யூஜிகே

1980களின் பிற்பகுதியில் தொடங்கிய யூஜிகே, ஜைவ் நிறுவனத்தின் வழியே 1992-இல் 'டூ ஹார்ட் டு ஸ்வாலோ' என்ற முதல் முழுத்தொகுப்பை வெளியிட்டது. 'சூப்பர் டைட்' 1994-இல் வந்தது. அந்நாளில் ராப் இசையின் அளவுகோல் நியூயார்க்கின் கையில் இருந்தது. மேற்குக் கடற்கரையை அது ஒரு போட்டியாளராக ஏற்றது, தெற்கைக் கணக்கில் எடுக்கவே இல்லை. 1995-இல் நியூயார்க்கில் நடந்த சோர்ஸ் விருது விழாவில் அட்லாண்டாவின் அவுட்காஸ்ட் குழுவுக்குப் புதுமுக விருது கிடைத்தபோது அரங்கம் கூச்சலிட்டு எதிர்த்தது.

நியூயார்க் போலப் பாடிக் காட்டிப் பெயர் வாங்க பிம்ப் சி முயலவில்லை. தம்முடையது ஹிப் ஹாப்பே அல்ல, 'கன்ட்ரி ராப் ட்யூன்ஸ்' என்று சொல்லி வந்தார். இதைப் பட்டிக்காட்டு ராப் பாட்டு எனலாம். பெயரில் கேலி இருந்தாலும் சரக்கு உண்மையானது. தேவாலயத்தில் கேட்கும் ஆர்கன், புளூஸ் இசையின் கிட்டார், மெதுவாக நகரும் கனத்த பேஸ், இழுத்துப் பேசும் தென்மாநில உச்சரிப்பு ஆகியவை சேர்ந்ததே அந்த ஒலி. பன் பி-யின் குரல் ஆழமானது, சொற்கள் அடுக்கடுக்காக வரும். பிம்ப் சி-யின் குரல் மெல்லியது, கூர்மையானது. பாதி பேச்சு, பாதி பாட்டு. 1996-இல் வந்த 'ரைடின் டர்ட்டி' தொகுப்பில் இந்த இரண்டும் மிக நன்றாகப் பொருந்தின. ஒரு காணொளிகூட எடுக்கப்படாமலே அது தெற்கில் பெருமளவில் விற்றது.

வடக்கிலிருந்து அழைப்பு வந்தபோதும் இவர் தயங்கினார். ஜே-சியின் 'பிக் பிம்பின்' பாடலில் சேர முதலில் இவருக்கு விருப்பமில்லை. பிறகு ஒப்புக்கொண்டு மிகச் சுருக்கமான ஒரு பகுதியை மட்டும் பாடினார். காணொளிக்காக மற்றவர்கள் டிரினிடாட் சென்றார்கள், இவர் போகவில்லை. இவரது காட்சி மயாமியில் எடுக்கப்பட்டது, அந்த வெயிலிலும் கம்பளி ரோமக் கோட்டுடன் நின்றார். 2000-இல் தனிப்பாடலாக வந்த அதுவே யூஜிகேயை நாடு முழுக்க அறிய வைத்தது.

சிறைவாசம்

அந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ள இவர் வெளியே இல்லை. ஆயுதத்தால் மிரட்டிய வழக்கொன்றில் விதிக்கப்பட்ட நன்னடத்தை நிபந்தனையை மீறியதற்காக 2002-இல் எட்டாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். பன் பி குழுவைக் கலைக்கவில்லை. பிறருடைய பாடல்களில் விருந்தினராகப் பாடிய இடங்களிலெல்லாம் நண்பரை விடுவிக்கக் கோரினார். அந்த முழக்கம் சட்டைகளில்கூட ஏறியது. சிறையில் இருந்தபடியே பிம்ப் சி-யின் பெயர் முன்னைவிடப் பெரிதானது. 2005 டிசம்பர் இறுதியில் பரோலில் வெளிவந்தார்.

2007 ஆகஸ்ட் மாதம் வெளியான 'அண்டர்கிரவுண்ட் கிங்ஸ்' இரட்டைத் தொகுப்பு பில்போர்டு 200 பட்டியலில் நேரே முதலிடம் பிடித்தது. அவுட்காஸ்டுடன் சேர்ந்து பாடிய 'இன்டர்நேஷனல் பிளேயர்ஸ் ஆந்தம்' கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கூச்சலிட்டு எதிர்க்கப்பட்ட தெற்கு, இப்போது பட்டியலின் உச்சியில் இருந்தது.

மறைவு

நான்கு மாதங்களுக்குள், வெஸ்ட் ஹாலிவுட் விடுதி அறையொன்றில் பிம்ப் சி இறந்து கிடந்தார். வயது 33. கோடீனும் புரோமெதசினும் கலந்த இருமல் மருந்தின் விளைவும், இவருக்கு ஏற்கெனவே இருந்த தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும் கோளாறும் சேர்ந்ததே காரணம் எனப் பிணக்கூறாய்வு அறிக்கை கூறியது. கோடீன் அபின் வகை மருந்து. உடலில் ஒரு பகுதி மார்பினாக மாறி மூச்சை மந்தமாக்கும். புரோமெதசின் அந்த மயக்கத்தைக் கூட்டும். தூக்கத்தில் மூச்சு நிற்கும்போது உடல் தானே விழித்துக்கொள்வது வழக்கம். அந்த விழிப்பைத்தான் இம்மருந்துகள் தடுக்கின்றன.

இந்த மருந்தைச் சோடாவில் கலந்து குடிப்பது ஹூஸ்டன் வட்டார ராப் உலகில் பரவிய பழக்கம். பாடல்களை மெதுவாக்கி ஒலிக்கவிடும் பாணியை அங்கே உருவாக்கிய டிஜே ஸ்க்ரூ 2000-இல் இறந்ததற்கும் கோடீன் ஒரு காரணம். அதே ஆண்டில் இந்தப் பானத்தைப் புகழ்ந்து த்ரீ சிக்ஸ் மாஃபியா வெளியிட்ட பாடலில் யூஜிகேயும் பாடியிருந்தது.

எஞ்சிய ஒலிப்பதிவுகளைக் கொண்டு 2009-இல் 'யூஜிகே ஃபோர் லைஃப்' வெளிவந்தது. பன் பி தனியாகப் பாடிவருகிறார். 2011-இல் ஹூஸ்டனின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் சமயமும் ஹிப் ஹாப்பும் பற்றிய பாடத்தைப் பேராசிரியர் அந்தோணி பின்னுடன் சேர்ந்து நடத்தினார்.