பேரிடர் நாளில் விழித்திருக்க வேண்டிய வீடு

வீடு கட்டப் புகும் எம்மவர் நல்ல நாள் பார்ப்பர், அதற்கு முன்னரே அயலிலுள்ள முதியவர் ஒருவரை அணுகி, "பெருவெள்ளத்தில் இந்த வளவுக்குத் தண்ணீர் எந்த மட்டுக்கு வந்தது?" என்று கேட்பர். மட்டக்களப்பு வாவிக் கரையில் காணி வாங்குவோர்க்கு இக்கேள்வி மனைப் பொருத்தத்திலும் முக்கியமானது. ஒரு குடும்பத்தின் வீட்டுக்கே இத்துணை விசாரணை வேண்டுமெனில், நகரம் முழுவதும் அல்லலுறும் வேளையில் அந்நகருக்காக விழித்திருக்க வேண்டிய கட்டடத்துக்கு எத்துணை விசாரணை வேண்டும்! அவசரச் செயற்பாட்டு நிலையம் என வழங்கப்படும் அக்கட்டடத்தைப் பற்றியும், அதனை வரைந்து தருவதற்கு ஏற்ற கட்டடக் கலைத் தாபனம் ஒன்றைத் தெரிவு செய்வது பற்றியுமே இங்கு எழுதப் புகுந்தோம்.

இப்பொருள் எமக்குத் தூரத்துப் பொருளன்று. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி வீசிய சூறாவளியை மட்டக்களப்பில் மறந்த குடும்பம் இல்லை. ஏறத்தாழ 900 உயிர்கள் மாண்டன. தென்னந்தோப்புகள் சாய்ந்து தெருக்களை அடைத்தன. கம்பிகள் அறுந்து செய்தித் தொடர்பு அற்றது. 2004 டிசெம்பர் 26 காலையில் நேர்ந்ததோ அதனினும் கொடிது. சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் அதிர்ந்தபின், அலை எமது கிழக்குக் கரையை அடைவதற்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் சென்றது. கண்டிக்கு அண்மையில் பல்லேகலையில் இருந்த கருவி அவ்வதிர்வைப் பதிந்துங்கூட இருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, போயா விடுமுறை. கருவி அறிந்ததைக் கல்லடிக்கும் நாவலடிக்கும் எடுத்துரைக்க ஒரு மேசையும் இல்லை. அம்மேசையில் ஒரு மனிதரும் இல்லை.

அதன் பின்னரே 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறியது. கொழும்பில் இரவு பகலாக இயங்கும் நிலையம் ஒன்றும், மாவட்டங்கள்தோறும் அதன் பிரிவுகளும் அமைந்தன. 117 என்னும் இலக்கத்தை மாணவர் அனைவரும் மனத்தில் இருத்திக் கொள்வது நன்று.

இத்தகைய நிலையத்தில் என்ன நடைபெறுகின்றது? மாரிக்காலத்து இரவொன்றை எண்ணிப் பாருங்கள். மேற்கே உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்படுகின்றன. படுவான்கரை வயல்களை மூடிய நீர் வாவிக்குள் இறங்குகின்றது. வாவியோ கடலுக்குப் போக வழியின்றி முகத்துவாரத்து மணற்றிட்டில் முட்டி நிற்கின்றது. "முகத்துவாரத்தை வெட்டுங்கள், வேளாண்மை அழிகின்றது" என்பர் விவசாயிகள். "அவசரப்பட்டு வெட்டினால் வாவி வற்றி எங்கள் தொழில் கெடும்" என்பர் மீன்பிடிப்போர். இரு சாராரிடமும் நியாயம் உண்டு. நீர்ப்பாசனப் பொறியியலாளர், அரசாங்க அதிபர், பொலிசார், வைத்தியர், மின்சாரத் துறையினர் ஆகியோர் வெவ்வேறு கந்தோர்களில் இருந்துகொண்டு ஒருவரையொருவர் தேடினால் பொழுது விடிந்துவிடும். அவர்களை ஒரே மண்டபத்தில், ஒரே நிலப்படத்தின் முன் அமர்த்துவதுதான் அந்நிலையத்தின் வேலை. 2011 சனவரி வெள்ளத்தில் கிழக்கு மாகாணம் மூழ்கியபோது இத்தகைய இரவுகள் பல கழிந்தன.

ஆயின், அக்கட்டடமே முதலில் வீழ்ந்துவிட்டால்?

இது வீண் ஐயமன்று. நியூயோர்க் மாநகரம் 1999இல் பெரும் பொருட்செலவில் தன் நிலையத்தை உலக வர்த்தக மையத்தின் ஏழாம் இலக்கக் கட்டடத்தில் 23ஆம் மாடியில் அமைத்தது. அம்மையம் 1993இலேயே ஒரு முறை குண்டுத் தாக்குதலுக்கு உள்ளான இடம். அங்கே வேண்டாம் என்று எச்சரித்தோரும் இருந்தனர். 2001 செப்டெம்பர் 11 அன்று, அந்நகருக்கு அந்நிலையம் மிகவும் வேண்டப்பட்ட காலைப்பொழுதிலேயே, அலுவலர் அனைவரும் அதனை விட்டு வெளியேற நேர்ந்தது. அன்று மாலை கட்டடமும் தரைமட்டமாயிற்று. ஆற்றங்கரையிலுள்ள கப்பற்றுறை மண்டபம் ஒன்றில் மேசை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டு அவர்கள் பணியைத் தொடர்ந்தனர். பின்னர் சுவாங்கி ஹேடன் கொனல் என்னும் கட்டடக் கலைத் தாபனத்தை அமர்த்தி, புரூக்ளின் பகுதியில் செஞ்சிலுவைச் சங்கத்தாருக்குரியதாயிருந்த பழைய கட்டடம் ஒன்றைத் திருத்தி, 2006இல் புதிய நிலையத்தைத் திறந்தனர். முதலாவது வானளாவிய மாளிகையில். இரண்டாவது அடக்கமான பழங்கட்டடத்தில். இவ்வேறுபாட்டை நாம் வேண்டுமென்றே சுட்டுகின்றோம்.

எமது கரைக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் யப்பானில் உண்டு. மினாமிசன்ரிக்கு என்னும் கடலோரச் சிற்றூரில் அனர்த்தத் தடுப்புக்கென்றே மூன்று மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. உயரம் ஏறக்குறைய 12 மீற்றர். 2011 மார்ச் 11 அன்று முதலில் வந்த எச்சரிக்கை 6 மீற்றர் அலை என்றே கூறியது. வந்ததோ கூரையையும் மூழ்கடித்த அலை. ஒலிபெருக்கியில் "உயரமான இடத்துக்கு ஓடுங்கள்" என்று ஊராரை இறுதிவரை அழைத்துக்கொண்டிருந்த இளம்பெண் உட்பட, அங்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அக்கட்டடத்தின் எலும்புக்கூடு போன்ற இரும்புச் சட்டகம் பின்னரும் அவ்விடத்தே நின்றது.

இனி எம்மூருக்கு வருவோம். புளியந்தீவில் 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை நிற்கின்றது. கச்சேரி நெடுங்காலம் அதற்குள்ளேயே இருந்தது. கோட்டைக்கு இடம் பார்த்தவன் பீரங்கியை எண்ணினான், வெள்ளத்தை எண்ணவில்லை. புளியந்தீவு தீவன்றோ? பாலம் அடைபட்டால் உள்ளிருப்போர் உள்ளேயே. கல்லடிப் பக்கமோ கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணற்பட்டி. 1924இல் அமைந்த பழைய இரும்புப் பாலத்துக்குத் துணையாக 2013இல் புதிய பாலம் வந்தபின் போக்குவரத்து இலகுவாயிற்று. அலை வரும் திசை மாறவில்லை. படுவான்கரையிலோ அலைக்கு அச்சமில்லை. ஆயின் மாரியில் தெருக்களே நீருள் மறையும். ஆகவே முழுமையான இடம் என்று ஒன்று இங்கே கிடையாது. கட்டடக் கலைஞர் எவரேனும் முதல் நாளே விரல் நீட்டி "இதோ இடம்" என்பாராயின் அவரை நாம் ஐயுறுவோம். "வெள்ள மட்டக் கணக்கைத் தாருங்கள், அலை ஏறிய எல்லையைக் காட்டுங்கள், ஓரிடம் போதாது, மாற்றிடம் எது?" என்று வினவுபவரே எமக்கு வேண்டியவர்.

தெரிவு முறையில் ஒரு நுட்பம் உண்டு. மண்ணும் கல்லும் வாங்கும்போது குறைந்த விலை கூறியவரைக் கொள்வது வழக்கம். அறிவை வாங்கும்போது அவ்வாறு செய்தல் தகாது. ஆதலால் இரண்டு உறைகள் கேட்கும் முறை ஏற்பட்டது. முதல் உறையில் தாபனத்தின் அனுபவமும் திட்டமும் இருக்கும், இரண்டாவதில் கட்டணம். முதலாவதைப் பிரித்து மதிப்பிட்டுப் புள்ளியிட்ட பின்னரே இரண்டாவது பிரிக்கப்படும். முறை நல்லதே. எனினும் முதல் உறைக்குள் வண்ணப் படங்கள் நிறைந்திருந்தால் மதிப்பிடுவோர் மயங்குவதும் இயல்பே. கண்ணாடிச் சுவரும் வளைந்த முகப்பும் திறப்பு விழாப் புகைப்படத்துக்கு அழகு. சூறாவளிக்கு அவை முதற் பலி.

நாமாயின் சில கேள்விகளை முன்வைப்போம். மின்பிறப்பாக்கியை எந்தத் தளத்தில் வைப்பீர்கள்? நிலத்தடியில் என்றால் அப்பேச்சை அத்துடன் முடித்துக் கொள்ளலாம். எரிபொருள் மூன்று நாட்களுக்குப் போதுமா? தொலைபேசிக் கம்பிகள் இரு வேறு வழிகளால் உள்நுழையுமா? கைத்தொலைபேசிக் கோபுரம் சாய்ந்தால் வானொலித் தொடர்பு உண்டா? 2004இல் தெற்கே தொடர்புகள் அறுந்தபோது வானொலி ஆர்வலர் சிலரே கொழும்புக்குச் செய்தி அனுப்பினர். கூரை எதனுடன் பிணைக்கப்படும்? பத்திரிகையாளருக்குத் தனியறை உண்டா, அன்றித் தீர்மானம் எடுப்போரின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார்களா? சாதாரண நாட்களில் மண்டபம் எதற்குப் பயன்படும்? பூட்டிக் கிடக்கும் அறையில் பெற்றரிகள் செத்துவிடும். சாவி இருக்குமிடமும் மறந்துவிடும். முதலுதவிப் பயிற்சிக்கும் பாடசாலை மாணவர் வருகைக்கும் திறந்துவிடப்பட்ட மண்டபமே வேண்டிய நாளில் கதவு திறக்கும்.

வரைபடத்தில் எவரும் கவனியாத மூலை ஒன்றும் உண்டு. அதுதான் சமையலறை. மூன்று நாட்கள் வீடு திரும்ப முடியாத நாற்பது ஐம்பது பேருக்கு அங்கே சோறு ஆக வேண்டும். குடிநீர்த் தாங்கி, பெண் உத்தியோகத்தர்க்குத் தனியான ஓய்வறையும் கழிப்பறையும், நான்கு மணித்தியாலம் கண்ணயர்வதற்கு ஒரு பாய் இவை யாவும் வேண்டும். வரைபடத்தைப் பார்வையிடச் செல்லும் குழுவில், கலியாண வீட்டுச் சமையலை நடத்திப் பழகிய அம்மா ஒருவரையும் சேர்த்துக்கொள்ளலாம். அடுப்புக்கும் கிணற்றுக்கும் எத்தனை அடி தூரம் என்று அவர் கட்டாயம் கேட்பார்.