சிஸ்டர் ஏன் சிரிக்கிறதே இல்லை?

"சிஸ்டர், டிரிப்ஸ் முடிஞ்சிருச்சு!", "சிஸ்டர், அப்பாவுக்கு எப்போ ஊசி?", "சிஸ்டர், ஃபேன் ஓடலை!" - வார்டில் பத்து நிமிஷம் நின்றாலே இந்தக் குரல்கள் காதில் விழும். ஃபேனுக்கும் நர்ஸுக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் பதில் சொல்ல வேண்டியது அவர்தான். லேசாக முகம் சுளித்தால், 'இவங்கல்லாம் ஏன் இந்த வேலைக்கு வர்றாங்க?' என்று ஈஸியாகக் கேட்டுவிடுகிறோம்.

வேலை பிடிக்காததல்ல, அதை முழுசாகச் செய்ய முடியாததுதான் பலருக்கும் பிரச்னை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், 168 மருத்துவமனைகளைச் சேர்ந்த 10,000-க்கும் அதிகமான நர்ஸ்களிடம் லிண்டா ஐகென் குழுவினர் நடத்திய ஆய்வு 2002-ல் வெளியானது. ஒரு நர்ஸ் கவனிக்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினாலே, அவர் வேலையில் அதிருப்தி அடையும் வாய்ப்பு 15 சதவிகிதமும், மனதளவில் களைத்துப்போகும் வாய்ப்பு 23 சதவிகிதமும் கூடியது. அடுத்த கணக்குதான் பகீர் ரகம். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பும் 7 சதவிகிதம் அதிகமானது. ஆக, சிஸ்டரின் திருப்தி, பெட்டில் படுத்திருக்கும் நம்ம அப்பாவின் பிரச்னையும்தான்.

கலிஃபோர்னியாவில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 2004-ல் அமலுக்கு வந்த அந்த விதிப்படி, ஐ.சி.யூ-வில் ஒரு நர்ஸுக்கு அதிகபட்சம் இரண்டு நோயாளிகள். நம்ம ஊரில் ஒரே நர்ஸ் வார்டு முழுக்க ஓடும் இரவுகள் சகஜம்.

சரி, சம்பளம்? அதுவும் பெரிய விஷயம்தான். தனியார் மருத்துவமனை நர்ஸ்களுக்காக, உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2016-ல் அமைந்த குழு, 50 படுக்கைகளுக்குக் குறைவான இடத்திலும் மாதம் 20,000 ரூபாயாவது தர வேண்டும் என்றது. இன்றும் அதைவிடக் குறைவாக வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அரசு மருத்துவமனையில் வேறு மாதிரி வலி. தமிழ்நாட்டில் 2015-ல் எம்.ஆர்.பி மூலம் தேர்வானவர்கள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில்தான் சேர்ந்தார்கள். பக்கத்திலேயே அதே ஊசி போடும் நிரந்தர நர்ஸுக்குப் பல மடங்கு சம்பளம். தொகை குறைவு என்பதைவிட, இந்த வித்தியாசம்தான் அதிகம் உறுத்தும்.

நோயாளி முன்னாலேயே டாக்டர் திட்டுவது இன்னொரு தலைவலி. அதன் பிறகு அந்த நோயாளி நர்ஸ் பேச்சைக் கேட்பாரா என்ன?

அப்புறம் ரோஸ்டர். தோழிக்கு அடுத்த வாரம் கல்யாணம். அன்றைக்கு மார்னிங்கா, நைட்டா என்பது முதல் நாள் வரை தெரியாது. இதைச் சரிசெய்யப் பெரிய பட்ஜெட் எதுவும் வேண்டாம். டியூட்டி லிஸ்ட்டை ஒரு மாசம் முன்பே ஒட்டினால் போதும்.